நீ கட்டிவிட்டுப் போன சிவப்புத் துணி

என் அருமைச் சகலை குணாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. விடிந்தால் ஆற்றங்கரையில் உன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தபோது, தனியாகக் காகிதத்தில் எழுத என்ன இருக்கிறது? இப்போது கட்கித் தமிழர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்னார் பழகுவதற்கு இனியவர்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீயா இனியவன்? படகைக் கழுவாமல் ரேக்கில் ஏற்றியவர்களை நீ வாங்கிய வாங்கு எனக்குத்தான் தெரியும். அதனால் உன்னைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. குணாவும் நானும் பிழைக்க வந்த மராத்தி ஊரான இந்தக் கட்கியில் ஒரே ஃபாக்டரியில், ஒரே ஷாப்பில் ஃபிட்டர்களாக இருந்தவர்கள். அவன் கட்டிக்கொண்ட வசந்தாவின் தங்கை மலரை எனக்குப் பார்த்துவைத்ததும் அவன்தான். "எம் மச்சினிச்சி ஒருத்தி இருக்கா, உன் வாய்க்கு அவதான் லாயக்கு" என்று சொல்லித்தான் பெண் பார்க்கவே கூட்டிப்போனான். அன்றிலிருந்து சிநேகிதன் சகலை ஆனான். இருவரும் ஃபாக்டரி டீமுக்காகப் படகு வலிக்கப் போனவர்கள், ரிடையர் ஆன பிறகும் முளா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த கிளப்பை விடவில்லை. படகு, துடுப்பு, ஆற்றில் மிதக்கும் இறங்குமேடை எல்லாமே அங்கே உறுப்பினர்களுக்குப் பொது. பொது என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, தெரிந்ததுதானே. அந்த வேலையை நாங்கள் இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கட்டிவிட்டுப் போன துணி, போன மாதம் வரை அதே இடத்தில்தான் இருந்தது.

ஃபாக்டரியில் நமக்கு ஒரு விதி உண்டல்லவா? மிஷினில் கோளாறு என்றால் சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். ஃபோர்மேன் வந்து கத்தினாலும் வேறொருவன் கை வைக்கக் கூடாது. ஒருவன் உள்ளே கையை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் கை போய்விடும், அதற்காக வந்த விதி. உன் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ஒரு மிஷினில் அட்டையை மாட்டிவிட்டு மறந்து லீவில் போய்விட்டாய். மறுநாள் ஷிப்டே நின்றுபோய், ஜீப் அனுப்பி, சந்தனப் பொட்டும் பட்டு வேட்டியுமாக உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பெண் வீட்டில் ஒரே கலவரம். நீ அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே ஜீப்பில் திரும்பிப் போனாய்.

அந்த விதியைத்தான் நீ கிளப்புக்கும் கொண்டுவந்தாய். ஒரு படகைப் பத்துப் பேர் எடுத்துப் போகிறார்கள். ஒருவன் ஒரு போல்ட் ஆடுவதைப் பார்க்கிறான், இன்னொருவனிடம் சொல்கிறான், அவன் மறந்துபோகிறான், மூன்றாவது ஆள் நடு ஆற்றில் போய் மாட்டிக்கொள்கிறான். அதனால், கோளாறைப் பார்த்தவன் அந்தப் படகில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கட்டியவன் சரிபண்ணிவிட்டு அவனே அவிழ்க்க வேண்டும் என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாய். டாக்டர், கர்னல், கம்ப்யூட்டர்காரர்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் துணியெல்லாம் வசந்தா அண்ணியின் பழைய பாவாடையைக் கிழித்தது என்று செயலாளர் ஜோஷிக்கு இன்றுவரை தெரியாது. இதைத் தமிழில் எழுதுவதால் இனியும் தெரியப்போவதில்லை.

அன்றைக்குக் காலையில் நான் வந்தபோது நீ முன்னாலேயே வந்திருந்தாய். குளிர் விடாத நாள், ஆற்றின் மேல் புகையாக இருந்தது. நாம் வழக்கமாக எடுக்கும் டபுள், அதுதான் இரண்டு பேர் வலிக்கும் அந்த நீளப் படகு, ரேக்கிலேயே இருந்தது. உன் சீட்டுக்குப் பக்கத்தில், துடுப்பைத் தாங்கும் இரும்புக் கையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இன்னிக்கு வாணாம் சகல. போட்டுல ஏதோ சரியில்ல" என்றாய்.

"இன்னா சரியில்ல?"

"பாத்துட்டு சொல்றேன்."

"இப்பவே பாத்தா இன்னா?"

"பாத்துட்டு சொல்றேன்னு சொன்னேன் இல்ல. சும்மா நச்சரிக்காத. வா, சாய் அடிக்கலாம்."

பாலத்தடியில் டீ குடித்தோம். உன் வடா பாவையும் என் பக்கம் தள்ளினாய். நானும் இரண்டையும் தின்றுவிட்டு, எண்ணெய் சரியில்லை என்று கடைக்காரனிடம் சண்டை வேறு போட்டேன். நீ பஸ் ஏறிப் போனாய். அந்த வாரம் முடிவதற்குள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. விடிகாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். நான் சாங்வியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வருவதற்குள் உன்னைத் தரையில் படுக்கவைத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளப்புக்குப் போனபோது அந்தத் துணி இருந்தது. என்ன கோளாறு என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. அவிழ்க்க வேண்டியவன் நீ. நீ இல்லை. நான் என்ன பண்ணட்டும், சொல்.

உனக்குச் செய்தி சொல்லவே இந்தக் கடிதம், அதனால் மழைக்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். இறங்குமேடை பீப்பாய்கள் மேல் மிதப்பது, தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை விட்டுக்கொண்டே போக வேண்டும், இறுக்கிக் கட்டியபடி விட்டால் ஆறு அதை அமுக்கிவிடும். மேல்பக்கக் கயிறு உன்னுடையது, கீழ்ப்பக்கக் கயிறு என்னுடையது. இந்த முறை உன் கயிற்றை வாட்ச்மேன் பிடித்தார். பீகார்க்காரர், தங்கமான மனுஷர். நான் பழக்கதோஷத்தில் "உடு, உடு, உட்றா" என்று கத்துகிறேன், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். 'சோடோ' என்று இந்தியில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வருவதற்குள் மேடையின் ஒரு மூலை தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டோம். சில பலகைகள் போயின, மாற்றிவிட்டேன்.

வீட்டில் மலரோடு நாளெல்லாம் தமிழ்தான் பேசுகிறேன். ஆனால் கத்துகிற தமிழ், திட்டுகிற தமிழ், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பேசுகிற தமிழ் எல்லாம் உன்னோடு மட்டும்தான் இருந்தது. அதை இப்போது எங்கே கொண்டுபோய்ப் பேசுவது? ஆற்றங்கரையில் காலை முழுக்க இந்தியிலும் அரைகுறை மராத்தியிலும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய் வலிக்கிறது. தனியாக இருக்கிறேன் சகலை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தப் படகு. உனக்குத் தெரியும், நீ சும்மா துணி கட்டுகிறவன் இல்லை. ஒரு முறை நீ கட்டியபோது எல்லோரும் உன்னைக் கேலி செய்தார்கள், நானும்தான். கையால் அழுத்தியதும் அந்த இரும்புக் கை உன் கையோடு வந்தது. அதனால் இந்த முறையும் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நான் நம்பினேன். ஸ்டாண்டில் வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பி, அடியில் எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டவில்லை. கவிழ்த்துப் போட்டு ஒரு நாணயத்தால் முனையிலிருந்து முனைவரை தட்டிப் பார்த்தேன், எங்கேயும் சத்தம் மாறவில்லை. போல்ட்டுகளையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். சீட்டின் சக்கரங்களைப் பிரித்துப் பார்த்தேன். அடியில், படகை நேராகப் போகவைக்கும் அந்தச் சின்னத் தகட்டை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றதும் பயம் கூடியது. கண்டுபிடித்திருந்தால் சரிபண்ணியிருப்பேன். குணா பார்த்ததை என்னால் பார்க்க முடியவில்லை என்றால், நான் அவிழ்த்துக் கொடுத்து, யாராவது எடுத்துப் போய், அந்த நாற்றத் தண்ணீரில் ஜல்பர்ணிக் கொடிக்கு நடுவே கவிழ்ந்தால்? அந்த ஆகாயத்தாமரை காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனுக்கே கஷ்டம். அதனால் துணி இருக்கட்டும் என்று விட்டேன்.

விட்டால் விடுகிறார்களா? நிவேதா வந்தாள். கேட்கிறவர்களுக்கு: அவள் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பெண், பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. தேஜல் என்ற மராத்திப் பெண்ணோடு சேர்ந்து வலிக்கிறாள். தீபாவளிக்குப் பிறகு கிளப்புகளுக்கிடையே போட்டி. பெண்கள் டபுளுக்கு இவர்கள்தான் போகிறார்கள். கிளப்பில் இருப்பது இரண்டே டபுள், ஒன்று பழைய மரப்படகு, சுமந்து வருவதற்குள் தோள் கழன்றுவிடும்.

"அங்கிள், அந்த போட்ல ப்ராப்ளம் என்னான்னு சொல்லுங்க, போதும். நாங்க டீக் பண்ணிக்கிறோம்" என்றாள் இந்தி கலந்த தமிழில்.

"தெரியாது."

"தெரியாதா? அப்ப ஏன் பந்த் வெச்சிருக்கீங்க?"

"கட்டினவரு சொல்லல."

அவள் தேஜலைப் பார்த்தாள். தேஜலுக்குத் தமிழ் புரியாது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். "நாங்க உங்களோட கோவம் இல்ல அங்கிள்" என்று நிவேதா தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு இருவரும் அந்த மரப்படகைத் தூக்கப் போனார்கள். தண்ணீருக்குப் போவதற்குள் இரண்டு முறை கீழே இறக்கிவைத்தார்கள். நான் ஷெட்டுக்குள் திரும்பி நின்றுகொண்டேன்.

பிறகு ஜோஷி. அவர் இந்தியில் நயமாகத்தான் பேசினார். "அண்ணா, ஆளே போயாச்சு. துணியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருப்பீங்க? நல்ல படகு, சும்மா கிடக்கு. நீங்க அவுக்கலன்னா நானே அவுத்துடறேன்" என்று அர்த்தம் வரும்படி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவிழ்த்துப் பாருங்கள், நாளையிலிருந்து படகு, துடுப்பு, மேடை எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவிக் கொத்தை மேஜைமேல் போட்டேன். அவர் அதை எடுத்து என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, போட்டிக்கு முன்னால் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். போகும்போது கொஞ்சம் நின்று, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்றும் சொன்னார். உனக்கும் அவருக்கும் ஆகாது என்றாலும், மனுஷர் மோசமில்லை.

எது கஷ்டம் என்று அவருக்கு நிஜமாகவே புரிந்ததா என்று தெரியாது. எனக்கே அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கோளாறு பற்றிய பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நீ கடைசியாகச் செய்த வேலை அந்த முடிச்சு. 'பாத்துட்டு சொல்றேன்' என்றாய். அது அவிழாமல் இருக்கும்வரை நீ இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிற மாதிரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஷெட்டுக்குள் நுழையும்போது அந்தப் பக்கம் பார்த்து "இன்னாடா, பாத்தியா?" என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் அண்ணி பெங்களூர் போக முடிவு பண்ணினார். உங்கள் மகன் முரளி வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், கடைசியில் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மலரும் நானும் மூட்டை கட்ட உதவிக்குப் போனோம். மேலே பரணிலிருந்து ஒரு பையை இறக்கினேன். அதற்குள் சிவப்புத் துணிகள், நீ அளவாகக் கிழித்து மடித்துவைத்தவை.

"இது இன்னா தம்பி, இன்னும் கிளப்புக்கு வேணுமா? எடுத்துனு போங்க. அந்த ஒரு பாவாடையில எத்தன வருசம் ஓட்டிட்டாரு" என்று அண்ணி சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நானும் பேச்சுவாக்கில் சொன்னேன். "அவன் கடைசியா கட்டுனது இன்னும் அப்படியே கீது அண்ணி. போட்டுல இன்னா கோளாறுன்னு சொல்லாமயே போயிட்டான். நானும் தட்டித் தட்டிப் பாக்குறேன், ஒண்ணும் தெரியல."

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "எப்ப கட்டுனது?"

"அந்த வாரந்தான்."

"உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"இன்னாது?"

"போட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவரே சொன்னாரு. கிளம்பறப்பவே மார்ல ஒரு பாரமா இருந்துச்சாம். சகலகிட்ட சொன்னா ஊரக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடுவான், அதனால துணியக் கட்டி ஏமாத்திட்டு வந்தேன்னு சொல்லி சிரிச்சாரு. நான் டாக்டரப் பாக்கலாம்னேன். வாயு, பூண்டுப் பால் குடுன்னாரு. குடுத்தேன். மறுநாள் நல்லாதான் இருந்தாரு. நல்லாதானே இருக்காருன்னு நானும்..."

மலர் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் தம்பி. தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இருக்கீங்களே, அது உங்க பெருந்தன்மன்னு நெனச்சேன்" என்றார் அண்ணி. இத்தனை மாதமும் அவர் இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அங்கே படகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணி மேல் தப்பே இல்லை என்று அவரிடம் சொன்னேன். எத்தனை தரம் முடியுமோ அத்தனை தரம் சொன்னேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கட்கி பஜார் வழியாக எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், நான் சத்தமாக உன்னைத் திட்டிக்கொண்டு போனேன் போலிருக்கிறது.

அடப் பாவி. ஊரைக் கூட்டியிருப்பேன்தான். கூட்டினால் என்ன குறைந்துபோயிருப்பாய்? உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன். படகைத் தூக்கியவனுக்கு நீ ஒரு பாரமா? அத்தனை வருஷ சர்வீஸில் நல்ல மிஷினில் நீ அட்டை மாட்டியதே கிடையாது. முதல் தடவையாக நல்ல படகில் துணியைக் கட்டிவிட்டு, கோளாறான மிஷினை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

இன்னொன்றும் என்னைத் தின்கிறது. டபுளில் நீ எனக்குப் பின்னால் உட்காருகிறவன். இத்தனை வருஷத்தில் படகில் உன் முகத்தை நான் பார்த்ததில்லை, உன் மூச்சைத்தான் கேட்டிருக்கிறேன். நீ மூச்சை இழுக்கும்போது நான் துடுப்பை இழுப்பேன். அதை வைத்துத்தான் இருவருக்கும் தாளம். கடைசி மாதங்களில் அந்த மூச்சு மாறியிருந்ததா? கொஞ்சம் முன்னாலேயே வாங்க ஆரம்பித்தாயா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டும் கேட்காமல் இருந்துவிட்டேனா சகலை?

அண்ணி கிளம்புவதற்கு முன்னால், கிளப்புக்கு வந்து அந்தத் துணியை நீங்களே அவிழ்க்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். "நான் வரல தம்பி. அந்தத் தண்ணிய நான் பாத்ததே இல்ல, இனிமே எதுக்கு? நீங்களே அவுத்துடுங்க. பொண்ணுங்க ஓட்டட்டும்" என்றார். அண்ணியை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மலர் வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு சமைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போய் அவிழ்த்தேன். ஷெட்டுக்குள் அடித்த சாரலில் ஊறி, வெக்கையில் காய்ந்து, முடிச்சு கல்லாகியிருந்தது. வாட்ச்மேன் கத்தி கொண்டுவந்தார். வேண்டாம் என்று நகத்தாலேயே நெம்பினேன். நிவேதாவும் தேஜலும் துடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோளாறு என்ன என்று அவர்கள் கேட்டார்கள், படகில் இல்லை என்று மட்டும் சொன்னேன். நிவேதாவுக்கு என்ன புரிந்ததோ, என் முழங்கையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் படகுப் பக்கம் போனாள்.

படகை இறக்கி மேடைப் பக்கத்தில் தண்ணீரில் வைத்தார்கள். உன் சீட்டில் நிவேதா. அவள் குள்ளம், உன் காலுக்கு வைத்த கால்பலகை அவளுக்கு எட்டவில்லை. திருகைத் தளர்த்தி, பலகையைத் தன் பக்கமாக இழுத்து, மறுபடி இறுக்கினாள். பொதுப் படகு, யார் உட்கார்ந்தாலும் செய்வதுதான், நானே ஆயிரம் பேருக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். அந்தத் திருகு இறுகுகிற சத்தம் கேட்டது. நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். மெட்ரோ பாலம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் வலிக்கிறார்கள், இடது பக்கம் கொஞ்சம் தாழ்கிறது, சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்தேன், நீ உட்காரவைத்த மாதிரியே. ஷெட் வாசலில் பேர்ப் பலகை இருக்கிறதே, ஆற்றில் இறங்கும் முன் அவரவர் பேர் போட்ட தகட்டை அடுத்த ஆணிக்கு மாற்றுவோமே, அதைக் காட்டிச் சொன்னேன். இனிமேல் படகுக்கு மட்டுமில்லை, ஆளுக்கும் துணி கட்டலாம். இன்றைக்கு எனக்குத் தண்ணீரில் இறங்க முடியாது என்று தோன்றினால் அவரவர் தகட்டில் அவரவரே கட்டிக்கொள்ளுங்கள். காரணம் யாரும் கேட்கக் கூடாது. கேலி பண்ணக் கூடாது. ஆனால் துணியைப் பார்த்தவர்கள் யாராவது ஒருவர் அவரை வீடுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டும். எதற்காக என்று ஜோஷி கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். பாதியில் என் பேச்சு தமிழுக்குத் தாவிவிட்டது, அதையெல்லாம் நிவேதா மராத்தியில் சொல்லி முடித்தாள். கர்னல் எழுந்து போய் அண்ணி கொடுத்த பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தன் தகட்டில் கட்டினார். அவருக்கு ஒரு மாதமாகத் தலைசுற்றலாம், வீட்டிலும் சொல்லவில்லையாம்.

மலர் என்னை விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லா டெஸ்டும் எடுக்கவைத்தாள். நான் படகைத் தட்டிப் பார்த்த மாதிரியே டாக்டர் என்னைத் தட்டிப் பார்த்தார். எங்கேயும் சொட்டவில்லையாம், எங்கேயும் சத்தம் மாறவில்லையாம். தாராளமாகப் படகு வலிக்கலாம் என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஜோஷி வந்து, "வாங்க அண்ணா, மரப்படகு சும்மாதானே கிடக்கு, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்று தன் இந்தியில் கூப்பிட்டார். அவருக்கு அது பெரிய காரியம். சரி என்று துடுப்பையெல்லாம் எடுத்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். படகில் உட்கார்ந்தும் விட்டேன். அவர் பின்னால் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். அது வேறு ஆளுடைய மூச்சு சகலை. எனக்குக் கை வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன், பேர்ப் பலகைக்குப் போனேன், என் தகட்டில் துணியைக் கட்டினேன். ஜோஷி காரணம் கேட்கவில்லை. சாங்விவரை தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

தினமும் கிளப்புக்குப் போகிறேன். படகைக் கழுவுகிறேன், கயிற்றைப் பார்க்கிறேன், போட்டிக்குப் பெண்கள் படகைத் தயார் பண்ணிக் கொடுக்கிறேன். தண்ணீரில் மட்டும் இறங்கவில்லை. இந்தக் கோளாறு சரியாக எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் மாரில் என்றைக்காவது பாரமாக இருந்தால் மலரிடம் சொல்வேன், ஜோஷியிடம் சொல்வேன், ஊரையே கூட்டுவேன். இதற்கு நடுவில் என்னை நச்சரிக்காதே. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது நீ போட்ட விதி. இந்த முறை கட்டியவன் உயிரோடு இருக்கிறான். அவனே அவிழ்ப்பான்.

உன் வாய்க்கொழுப்புச் சகலை,
மலர் வீட்டுக்காரன் தனபால்